கொம்பன் நின்று குத்துமா, ஓடி வந்து குத்துமா

செத்துப்போன கொம்பன் எழாமலேயே வேல்காரனைக் குத்தியது. நான் கட்டிவரும் கணினி விளையாட்டின் திரையில் அந்தப் பன்றி மல்லாந்து கிடக்கிறது, உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. ஆனாலும் அதன் முறை வந்ததும் ‘16 சேதம்’ என்று சிவப்பு எழுத்து மின்னியது. வேல்காரன் சாய்ந்தான். இரவு பதினொன்றரை மணிக்கு நான் தனியாகச் சிரித்த சத்தம் கேட்டு அம்மா தறிக்குடோனிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் குடோன். ஆறு விசைத்தறி, கூலிக்கு நெசவு. பகலில் நானும் இரவு பாதி வரை அம்மாவுமாக மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். குடோனை ஒட்டி நூல் மூட்டை போடுகிற சிறு அறை ஒன்று உண்டு. என் கணினி அங்கேதான் இருக்கிறது. பழைய கணினி, நாலு ஜிபி நினைவகம். மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து மின்விசிறியில் அடைந்த பஞ்சை ஊதி எடுக்காவிட்டால் சூடேறித் தானாக அணைந்துவிடும். அதில்தான் எட்டு மாதமாக ஒரு சிறு ஆர்பிஜி விளையாட்டை, அதாவது ஒரு பாத்திரமாகவோ கூட்டமாகவோ இருந்து ஆடுகிற வகையை, கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன்மார் கதையை உடுக்கடிப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கொம்பன் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பொன்னர் சங்கர் கதையில் வருகிற பெரிய காட்டுப்பன்றி அது. அதை வீழ்த்துவதில் பொன்னாச்சி என்ற சின்ன நாய்க்கும் பங்கு உண்டு. கதை பாடுகிறவருக்குப் பாடுகிறவர் மாறும், ஆனால் நாயை யாரும் விடுவதில்லை. நான் கதையிலிருந்து பன்றியையும் நாயையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். வேட்டைக்காரர்கள் மூவருக்கும் பெயர் வைக்கவில்லை. வேல், வில், தடி, அவ்வளவுதான். எதிரில் கொம்பனும் இரண்டு இளம்பன்றிகளும். ஒரே ஒரு காடு, ஒரே ஒரு சண்டை. அந்த ஒரு சண்டையை முறை வைத்து நடத்துவதா, எல்லோரும் ஒரே சமயத்தில் ஓடி அடிக்கும்படி நிகழ்நேரமாக நடத்துவதா என்பதில்தான் ஐந்து மாதம் போயிற்று.

கட்டுவதற்கு எடுத்துக்கொண்டது கோடோ என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள். இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. முதலில் அதன் மூன்றாம் பதிப்பில் தொடங்கி ஒரு வாரத்தை வீணாக்கினேன். ‘கொம்பன்’ என்று எழுதினால் திரையில் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. தமிழ் போன்ற எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் வசதி 2023-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் இருக்கிறது. தமிழில் விளையாட்டு செய்ய நினைப்பவர்கள் நேராக அதற்கே போய்விடுங்கள்.

முதல் வடிவம் முறைவழிச் சண்டை. ஆடுபுலி ஆட்டம் மாதிரி: நீ ஒரு காய் நகர்த்து, நான் ஒரு காய் நகர்த்துகிறேன். ஒவ்வொருவருக்கும் வேகம் என்று ஓர் எண் இருக்கிறது. சுற்றுத் தொடங்கும்போது அதன்படி எல்லோரையும் வரிசைப்படுத்திவிடுவேன். ஒவ்வொருவருக்கும் சுற்றுக்கு 4 செயல்புள்ளி. ஒரு கட்டம் நடந்தால் 1, நாய் கடித்தால் 1, வேலோ தடியோ என்றால் 2, அம்பு என்றால் 3. செயல்புள்ளி என்ற யோசனை 1997-இல் வந்த ஃபால்அவுட்டை ஆடியவர்களுக்குப் பழக்கமானதுதான். அங்கே ஆளின் சுறுசுறுப்பில் பாதியோடு 5-ஐக் கூட்டினால் வருவதுதான் அவன் செயல்புள்ளி. நடப்பதும் சுடுவதும் ஒரே பையிலிருந்து செலவாகும். அந்த ஒரே பைதான் இந்த வகைச் சண்டையின் உயிர் என்று பின்னால்தான் எனக்கு உறைத்தது.

செத்த பன்றி குத்தியதற்குக் காரணம் எளிது. வரிசையைச் சுற்றின் தொடக்கத்தில் ஒருமுறைதான் போடுகிறேன். நடுவில் செத்தவர் பெயரும் அதில் இருக்கிறது. சரி, சாகிறபோதே வரிசையிலிருந்து எடுத்துவிடலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். மறுநாள் வேறு கோளாறு: இளம்பன்றி செத்தால் வில்காரனுக்கு அந்தச் சுற்றில் முறையே வரவில்லை. சில நேரம் வருகிறது, சில நேரம் வரவில்லை. மூன்று இரவு இதிலேயே போயிற்று.

ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். விரலால் தலை எண்ணிக்கொண்டு வருகிறீர்கள். மூன்றாம் ஆளில் விரல் இருக்கும்போது அந்த ஆளே வரிசையை விட்டுப் போய்விடுகிறார். நான்காம் ஆள் ஓரடி முன்னால் வந்து மூன்றாம் இடத்தில் நிற்கிறார். உங்கள் விரலோ அடுத்ததாக நான்காம் இடத்துக்குப் போகிறது. நடுவில் ஒருவர் எண்ணப்படாமலே போய்விட்டார். என் வில்காரன் அவர்தான். பன்றி தன் முறையில் வேட்டைக்காரர் வைத்த கண்ணியை மிதித்துச் செத்தாலோ, தன் முறை முடிந்த பிறகு செத்தாலோ மட்டும் இது நடந்தது. தன் முறை வருவதற்கு முன்பே செத்தால் நடக்கவில்லை. அதனால்தான் சில நேரம் மட்டும் வந்தது. வரிசையைச் சுற்றி வரும்போது அதிலிருந்து யாரையும் எடுக்கக் கூடாது. ‘செத்தவர்’ என்று குறி மட்டும் போட்டு, சுற்று முடிந்த பிறகு கூட்டித் தள்ள வேண்டும். எந்த மொழியில் நிரல் எழுதினாலும் இது பொருந்தும்.

இரண்டாம் மாதம் முடிவில் சண்டை ஒழுங்காக ஓடியது. பத்தாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவனை உட்கார வைத்தேன். நாலு சுற்று ஆடினான். வில்காரன் தொடர்ந்து மூன்று அம்பு தவறவிட்டான்.

“மாமா, இது ஏமாற்றுகிறது” என்றான்.

“அறுபது சதவீதம் படும் என்று போட்டிருக்கிறேன் மாப்பிள்ளை. மூன்றும் தவற வாய்ப்பு உண்டு.”

“உண்டுதான். அதற்கு இப்படியா?”

கணக்குப்படி மூன்றும் தவற நூற்றுக்கு ஆறு முறைக்குச் சற்று மேல் வாய்ப்பு இருக்கிறது. ஒரு சண்டையில் பத்துப் பதினைந்து அம்பு விட்டால் இது அடிக்கடியே நடக்கும். முறைவழிச் சண்டையில் ஒவ்வோர் அம்புக்கும் ஆட்டக்காரன் யோசித்து, கட்டம் எண்ணி, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்துகிறான். அது தவறினால் நெஞ்சில் பதிகிறது. 60-ஐ 75 ஆக்கினேன், சண்டை சட்டென்று நியாயமானதாகத் தெரிந்தது. இதே 60 பின்னால் நிகழ்நேர வடிவத்தில் யாருடைய கண்ணிலும் படவில்லை என்பதை அங்கே போகும்போது சொல்கிறேன்.

அவன் அடுத்துக் கேட்டதுதான் எல்லாவற்றையும் கிளறியது. “பன்றி ஏன் மாமா நிற்கிறது? நாம் யோசித்து முடிக்கும் வரை நிஜப் பன்றி நிற்குமா?”

நிற்காதுதான்.

இந்த இடத்தில் டயாப்ளோ கதை எனக்கு நினைவு வந்தது, அதுவே என்னைக் கெடுத்தது. 1996 கடைசியில் வெளிவந்த அந்த விளையாட்டு முதலில் முறைவழியாகத்தான் கட்டப்பட்டது. நிகழ்நேரமாக மாற்றலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது அதன் முதன்மை நிரலாளர் டேவிட் பிரெவிக் ஒப்பவில்லை. கடைசியில் உட்கார்ந்து மாற்றியவரும் அவரே. சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்று 2016-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அவரே சொன்னார். எலும்புக்கூட்டைச் சொடுக்கியதும் நாயகன் நடந்துபோய் அதை உடைத்தானாம், அந்த நொடியில் அவருக்கும் மனம் மாறிவிட்டதாம். செய்த வேலை இதுதான்: முறைகளை ஒழிக்கவில்லை, அவற்றை நொடியின் சிறு துண்டுகளாக நறுக்கித் தானாக ஓடவிட்டார்.

அவருக்குச் சில மணி நேரம் என்றால் எனக்கு ஓர் ஞாயிற்றுக்கிழமை என்று கணக்குப் போட்டேன். ஞாயிறு தறிக்கு விடுமுறை. பதினோரு இரவு ஆயிற்று.

நொடிக்கு 20 துண்டு என்று வைத்துக்கொண்டேன். ஒரு சுற்று எத்தனை நொடி? 1998-இல் வந்த பால்டர்ஸ் கேட்டில் சுற்றுக்கு 6 நொடி. அதையே எடுத்தேன். 6 நொடியில் 4 செயல்புள்ளி என்றால் புள்ளிக்கு ஒன்றரை நொடி. வேல் எறிய 3 நொடி, அதாவது 60 துண்டு. காகிதத்தில் அழகாக இருந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் ஒரு கட்டம் நடக்க ஒன்றரை நொடி, உழுத வயலில் மழைக்குப் பின் நடப்பது மாதிரி எல்லோரும் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடக்கிறார்கள். முறைவழியில் இது கண்ணுக்கே தெரியவில்லை. அங்கே நடை என்பது வெறும் கணக்கு.

நடையை மட்டும் தனியாகப் பிரித்து வேகமாக்கினேன். ஒரு கட்டத்துக்கு மூன்றில் ஒரு நொடி. நடை அழகாகிவிட்டது, சண்டை செத்துவிட்டது. வில்காரன் அம்பை விடுகிறான். அடுத்த அம்புக்கான நாலரை நொடிக் காத்திருப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே மரத்தைச் சுற்றி ஓடுகிறான். பன்றி துரத்துகிறது. பன்றி குத்த வேண்டுமானால் நிற்க வேண்டும், நின்றால் இவன் இரண்டு கட்டம் தள்ளிப் போய்விடுகிறான். காத்திருப்பு முடிந்ததும் திரும்பி இன்னோர் அம்பு. ஒரே மரம், ஒரே வில், பன்றி சாகும் வரை சுற்றலாம். வேலும் தடியும் நாயும் வேடிக்கை பார்க்கலாம். அக்கா மகன் இதைப் பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்தான், அதன் பிறகு வேறு எப்படியும் ஆட மறுத்துவிட்டான்.

முன்னே சொன்ன ஒரே பை கிழிந்துவிட்டது. நடப்பதா அடிப்பதா என்று ஆட்டக்காரன் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த இடத்தில் இரண்டையும் இலவசமாகக் கொடுத்துவிட்டேன். பை தைக்க ஒரு வழி கிடைத்தது: அடித்த பிறகு தேறும் நேரம். அம்பு விட்டபின் ஒன்றரை நொடி கால் நகரக் கூடாது. 2015-இல் வந்த பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி இப்படித்தான் ஒவ்வொரு செயலுக்குப் பின்னும் தேறும் நேரம் வைக்கிறது. கனமான கவசம் போட்டால் அது இன்னும் நீளும். ஆட்டக்காரர்கள் இதைச் சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன், நானும் சலித்துக்கொண்டவன்தான். ஏன் வைத்தார்கள் என்பது வில்காரன் மரத்தைச் சுற்றியதைப் பார்த்த பிறகு புரிந்தது.

அடுத்த கோளாறு அக்காவின் போனில். அதில் ஏற்றிப் பார்த்தால் கொம்பன் இரண்டு மடங்கு வேகத்தில் பாய்கிறது. என் கணினி மூச்சு வாங்கிக்கொண்டு நொடிக்கு முப்பது படம் காட்டுகிறது, போனோ அறுபது காட்டுகிறது. நான் ‘ஒரு படத்துக்கு இவ்வளவு தூரம்’ என்று எழுதியிருந்தேன். படம் கூடினால் வேகமும் கூடும். புத்தகத்தில் முதல் பாடமாகச் சொல்லித் தருகிற தப்பு, செய்யும் வரை உறைப்பதில்லை. சண்டைக் கணக்கு முழுவதையும் திரைப் படத்திலிருந்து பிரித்து, நிலையான இடைவெளியில் ஓடும் பகுதிக்கு மாற்றினேன். கோடோவில் அது இயல்பாக நொடிக்கு 60 முறை ஓடும், அமைப்பில் 20 ஆக்கிக்கொள்ளலாம். திரை எத்தனை படம் வேண்டுமானாலும் காட்டட்டும், பன்றி இனிமேல் எங்கும் ஒரே வேகம்.

இன்னொன்று நுணுக்கமானது. வேல்காரனும் கொம்பனும் ஒரே துண்டு நேரத்தில் ஒருவரையொருவர் குத்தினால் யார் சாக வேண்டும்? என் விளையாட்டில் எப்போதும் கொம்பன்தான் செத்தது. வேல்காரன் பட்டியலில் முதலில் இருந்ததால் அவன் கணக்கு முதலில் நடந்தது, செத்த பன்றியின் குத்து கணக்கில் வரவில்லை. நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளும் ஒரு ‘முறை’ ஒளிந்துகொண்டிருந்தது என்று சொல்லலாம். இப்போது ஒரு துண்டில் விழும் அடிகளை எல்லாம் முதலில் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்கிறேன், கடைசியில் மொத்தமாகக் கழிக்கிறேன். இருவரும் சேர்ந்து சாகலாம். அக்கா மகனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

இவ்வளவும் முடிந்து ஓடவிட்டேன். குழப்பம் என்றால் அப்படி ஒரு குழப்பம். வேலுக்கு ஆணையிட்டுத் திரும்புவதற்குள் நாய் கிடந்தது. நாயைப் பார்ப்பதற்குள் தடிக்காரன் செத்த இளம்பன்றியின் மேல் நின்று காற்றை அடித்துக்கொண்டிருந்தான். அம்பு படும் வாய்ப்பை இங்கே பழையபடி 60 சதவீதமாகவே வைத்திருந்தேன், எந்த அம்பு பட்டது எது தவறியது என்று ஒருவரும் கவனிக்கவில்லை, குறையும் சொல்லவில்லை. சந்தை இரைச்சலில் ஒரு வார்த்தை தவறினால் யாருக்குத் தெரியும்?

டயாப்ளோவுக்கு ஏன் சில மணி நேரம் போதுமாக இருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அங்கே ஆட்டக்காரன் கையில் ஒரே ஓர் ஆள். என் கையில் நாலு பேர். ஒன்றைப் பார்த்துச் சட்டென்று அழுத்தவே மனிதனுக்கு நொடியில் கால் பங்கு ஆகும். யாரென்று பார்த்து, தேர்ந்தெடுத்து, எங்கே என்று காட்டுவதற்கு எனக்கு ஒன்றேகால் நொடி ஆகிறது, அம்மாவுக்கு இரண்டு நொடி. நாலு பேருக்கும் ஒரு சுற்று ஆணையிட்டு வர அம்மாவுக்கு எட்டு நொடி. கொம்பனோ இரண்டு நொடிக்கு ஒருமுறை குத்துகிறது. நேரம் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைவிட, ஒரு கைக்கு எத்தனை பேர் என்பதுதான் கணக்கு. இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும், நாள் முழுக்க ஆறு தறிக்கு நடுவில் நிற்பவன்தானே நான்.

நிறுத்தம் வைத்தேன். ஸ்பேஸ் விசையை அழுத்தினால் காலம் உறையும், நாலு பேருக்கும் ஆணையிட்டு மறுபடி அழுத்தினால் ஓடும். பால்டர்ஸ் கேட் காலத்திலிருந்து பழகிய வழி. முதல் முறை அழுத்தினேன், உறைந்தது. மறுபடி அழுத்தினேன், உறைந்தபடியே இருந்தது. கோடோவில் ஆட்டத்தை நிறுத்தினால் எல்லாமே நிற்கும், விசையைக் கேட்டுக்கொண்டிருக்கிற பகுதியும் சேர்ந்து தூங்கிவிடும். கதவைச் சாத்திவிட்டுச் சாவியையும் உள்ளே வைத்த கதை. அந்த ஒரு பகுதிக்கு மட்டும் ‘எப்போதும் விழித்திரு’ என்று அமைப்பில் குறிக்க வேண்டும்.

அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முறைவழி வடிவத்தில் அவர் என்னைவிட நன்றாக ஆடுவார். கோயில் திண்ணையில் ஆடுபுலி ஆடி வளர்ந்தவர், அதிலும் பதினைந்து ஆட்டை வைத்துக்கொண்டு மூன்று புலியை மடக்குகிற பக்கம்தான் அவருக்குப் பிடிக்கும். நிகழ்நேரத்தில் ஸ்பேஸ் விசையை அழுத்த அவருக்கு நினைவே வரவில்லை. நாய் செத்தது. மறுபடி நாய் செத்தது. மூன்றாம் முறை எழுந்துவிட்டார்.

“ஏன் சாமி, தறியை நீயா நிறுத்துகிறாய்? ஊடை அறுந்தால் தறியே நிற்கிறது. இங்கே மட்டும் நானே பார்த்து நானே நிறுத்த வேண்டுமா?”

விசைத்தறியைப் பக்கத்தில் பார்க்காதவர்களுக்கு: குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துகொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிமிடத்துக்கு நூறு முறைக்கு மேல் பாய்கிறது. ஊடை நூல் அறுந்தாலோ, நாடாவுக்குள் நூல் சுற்றியிருக்கும் தாரில் தீர்ந்தாலோ கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது. அதற்காகத் தறியின் ஓரத்தில் முள்கரண்டி மாதிரி ஒரு சிறு கம்பி இருக்கிறது. நாடா பாய்ந்த பின் குறுக்கே நூல் இருந்தால் அது கம்பியைத் தள்ளிச் சாய்க்கும், தறி ஓடும். நூல் இல்லையென்றால் கம்பி சாயாது. சாயாத கம்பியைப் பின்னால் வருகிற கொக்கி பிடித்து இழுக்கும், தறி நின்றுவிடும். அதனால்தான் ஓர் ஆள் நாலு தறி, ஆறு தறி பார்க்க முடிகிறது. ஓடுகிற தறியை யாரும் பார்ப்பதில்லை, நின்ற தறியைத்தான் பார்க்கிறோம்.

தானாக நிற்பது இந்த வகை விளையாட்டுகளில் புதிதல்ல. பால்டர்ஸ் கேட் அமைப்பிலேயே எதிரி தென்பட்டால் நில், அடிபட்டால் நில், குறிவைத்தவன் செத்தால் நில் என்று பட்டியல் உண்டு. நானும் ஐந்து நிபந்தனை வைத்தேன், ஐந்தையும் போட்டுவிட்டு ஆடினேன். ஒன்றே முக்கால் நிமிடச் சண்டையில் 41 முறை நின்றது. மட்டமான நூலைப் போட்ட தறிகூட இப்படி நிற்காது. ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து இரண்டை மட்டும் விட்டேன்: யாருக்காவது உயிர் கால் பங்குக்குக் கீழே போனால் நிற்க வேண்டும், கொம்பன் பாயத் தயாரானால் நிற்க வேண்டும்.

‘பாயத் தயாரானால்’ என்பதற்கு ஒரு வேலை இருந்தது. முறைவழியில் பன்றி முன்னறிவிப்பு தர வேண்டிய தேவையே இல்லை. இப்போது பாய்வதற்கு முன் முக்கால் நொடி முன்னங்காலால் மண்ணைக் கிளறுகிறது. அந்த முக்கால் நொடிக்காக நான்கு படம் வரைந்தேன், முழு விளையாட்டிலும் நன்றாக வந்திருப்பது அதுதான். சிறு வயதில் உடுக்கடிப் பாட்டில் கேட்டதைத்தான் நினைத்து வரைந்தேன். அரை இரவு வேகமாக ஓடிவந்த கதை, பன்றி பாய்கிற இடம் வந்ததும் அப்படியே நிற்கும். உடுக்கை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும். பன்றியின் கொம்பு எப்படி, கண் எப்படி, காலடியில் மண் எப்படி என்று பாட்டுக்காரர் கால் மணி நேரம் பாடுவார். பாய்ச்சலை ஒரே வரியில் முடிப்பார்.

அதன் பிறகும் அம்மாவுக்குச் சரியாக வரவில்லை. நின்றதும் ஆணையிடுகிறார், ஓடவிட்டதும் பதற்றம். கடைசியில் 1981-இல் வந்த விசார்ட்ரியின் பழைய வழிக்குப் போனேன். அதில் எல்லோருக்கும் ஆணையை முதலில் கொடுத்துவிட வேண்டும், பிறகுதான் சுற்று நடக்கும். நான் அதில் சுற்றுக்குப் பதில் 3 நொடி ஓட்டம் வைத்தேன். நின்ற காலத்தில் நாலு பேருக்கும் சொல்லிவிடலாம், பிறகு 60 துண்டு நேரம் எல்லோரும் ஒரே சமயத்தில் ஓடுவார்கள், அடிப்பார்கள், தானாக நிற்கும். 6 நொடி வைத்துப் பார்த்தேன்: கொம்பன் காட்டின் மறுமுனைக்குப் போய்விடுகிறது, கொடுத்த ஆணை எல்லாம் பழசாகிவிடுகிறது. 1 நொடி வைத்தால் அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது. 3-ல் நின்றது. குறிவைத்தவன் நடுவில் செத்தால் பக்கத்தில் இருப்பவனை அடி என்று ஒரு விதியும் சேர்த்தேன், தடிக்காரன் பிணத்தை அடிப்பது நின்றது. அம்பு படும் வாய்ப்பு இங்கே 70. அறுபதுக்கும் எழுபத்தைந்துக்கும் நடுவில், ஆடிப் பார்த்துக் கண்டுபிடித்த எண். எந்தச் சூத்திரமும் கிடையாது.

அக்கா மகனுக்கு இது பிடிக்கவில்லை. “பன்றி மறுபடி நிற்கிறது மாமா” என்றான். அவனுக்காகத் தனியாக ஒரு வழி: நாயை மட்டும் அவன் கையில் கொடுத்துவிட்டேன், காலம் நிற்காமல் ஓடும். வேல், வில், தடி மூவரும் விதிப்படி தாங்களாக அடித்துக்கொள்வார்கள். நாய் பன்றியைக் கடித்துப் பிடித்திருந்தால் வேல் எறி, பன்றி மூன்று கட்டத்துக்குள் வந்தால் வில்காரன் பின்வாங்கு, இப்படி ஒவ்வொருவருக்கும் நாலைந்து விதி. 2006-இல் வந்த பன்னிரண்டாம் ஃபைனல் ஃபேன்டஸியிலும் 2009-இல் வந்த டிராகன் ஏஜிலும் கூட்டாளிகளுக்கு இப்படித்தான் நிபந்தனை எழுதி வைக்கலாம். ஓர் ஆள், ஒரு கை. நான் செய்ததிலேயே எளிதாக வேலை செய்தது இதுதான், இரண்டே இரவு.

இரண்டு வழியையும் ஒரே விளையாட்டில் வைப்பது நல்ல யோசனையா என்று கேட்டால், எண்களை இரண்டு முறை சரிபார்க்கப் பொறுமை இருந்தால் மட்டும் செய்யுங்கள் என்பேன். 2001-இல் வந்த ஆர்கேனம் சண்டை நடுவிலேயே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறவிட்டது, எனக்கு அதன் நிகழ்நேரம் அடிதடிக் கூச்சலாகத்தான் தெரிந்தது. நிகழ்நேரத்துக்கென்றே கட்டிய பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டியின் இரண்டாம் பாகத்துக்கு 2019-இல் முறைவழியைச் சேர்த்தபோது, வேகமாக அடிப்பவனுக்கும் மெதுவாக அடிப்பவனுக்கும் சுற்றுக்கு ஒரே அடி என்றாகிவிட்டது. வேகத்தில் புள்ளி போட்டவர்களுக்கு நட்டம், கனமான ஆயுதம் வைத்திருந்தவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்கும் அதேதான் நடந்தது. சுற்றுக்கு நாலு முறை கடிக்கிற என் நாய் முறைவழியில் பெரிய வீராங்கனை. நிகழ்நேரத்தில் கடிக்கப் பக்கத்தில் நிற்கிற நேரமெல்லாம் குத்து வாங்குகிறது. அக்கா மகனின் வழியில் மட்டும் நாயின் உயிர்ப்புள்ளியை 18-லிருந்து 30 ஆக்கியிருக்கிறேன்.

போன வாரம் அம்மா நாயைச் சாகவிடாமல் முதல் முறையாகக் கொம்பனை வீழ்த்தினார். பத்தொன்பது ஓட்டம். அரிசிம்பருப்புச் சாதம் அடுப்பில் அடிபிடிக்கிற வரை எழவில்லை. அடுத்த நாள் அக்கா மகனிடம் போனில் சொன்னார்: “நீ ஒரு நாயைத்தான் ஓட்டுகிறாய் கண்ணு. அம்மிச்சி நாலு பேரை ஓட்டுகிறேன்.” அவன் உடனே மூவரின் விதிகளையும் தானே எழுதும்படி ஒரு திரை வேண்டும் என்று கேட்டிருக்கிறான். அதைச் செய்ய எனக்கு இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

பாக்கி இருப்பவை: ஒரே கட்டத்துக்கு இருவர் ஒரே துண்டில் போனால் ஒருவர் மேல் ஒருவர் நிற்கிறார்கள். போனில் அரை மணி நேரம் ஆடினால் கை சுடுகிறது. பொன்னாச்சிக்குக் குரைக்கிற ஓசை இன்னும் வைக்கவில்லை. எங்கள் தெரு நாய் குரைப்பதை மூன்று முறை பதிவு செய்துவிட்டேன், மூன்றிலும் நாயைவிடத் தறிதான் அதிகம் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமைதான் எடுக்க வேண்டும்.